கையை விடுங்கள், தம்பி

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

என் மகனுக்கு மூன்றேகால் வயது. செல்போன் இல்லாமல் வாயைத் திறப்பதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. விட்டால் எல்லாவற்றையும் தட்டிவிடுவான் என்பதால் என் அம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். மனைவி ஊட்டுவாள். நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இருபது வாய் உள்ளே போய்விட்டால் அன்று வீட்டில் நிம்மதி. எடை 13 கிலோ 800. டாக்டர் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். ஆனால் எதிர்வீட்டுப் பையன் இதே வயதில் 17 கிலோ.

செல்போனைப் பிடுங்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். நம் பாட்டிகள் நிலாவைக் காட்டித்தானே சோறு ஊட்டினார்கள்? அதுவும் கவனத்தைத் திருப்புகிற வேலைதானே? ‘சிறுகை அளாவிய கூழ்’ என்று வள்ளுவர் சொன்ன சுகம் எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? இந்த வயதுக்கு என்ன கதைப்புத்தகம் வாங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். இதனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் வரும் சண்டையைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

பெயர் வேண்டாம்.
திருப்பூர்

*

அன்புள்ள தம்பி,

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஐந்து வயது இருக்கும். இரண்டு கையும் மடியில். கண் செல்போனில். அம்மா சோற்றை உருட்டி வாய் அருகே கொண்டுபோனதும் வாய் தானாகத் திறந்தது, மூடியது. அவன் இலையின் ஓரத்தில் ஒரு ஜாங்கிரி இருந்தது. பந்தி முடிகிறவரை அவன் அதைப் பார்க்கவே இல்லை. ஐந்து வயதுப் பையன் ஜாங்கிரியைப் பார்க்காமல் எழுந்து போனதை நான் அதுவரை கண்டதில்லை. மூன்று நாளாக அந்த ஜாங்கிரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

செல்போன் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்குத் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே இரண்டேகால் மணி நேரம் போகிறது. சில நாள் அழுவான், அழட்டும். அப்புறம் இன்னொன்று. திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழுங்குகிற குழந்தைக்கு எப்போது வேண்டுமானாலும் புரையேறும். இந்த வயதில் நிலக்கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு யாரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

மாமியார் மருமகள் சண்டை பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எதிர்வீட்டுப் பையனை எதிர்வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நிலா விஷயம் நல்ல கேள்வி. அதைக் கேட்டதற்காகத்தான் உங்கள் மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. நிலாவும் ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடவுளையோ தலைவரையோ குழந்தையாக நினைத்துப் பாடுகிற பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று வரும், கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்துப் பருவங்களில் ஏழாவது. இந்தக் குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவார்கள். முதலில் நயமாக, அப்புறம் ஆசை காட்டி, கடைசியில் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று அதட்டி. அங்கே மிரட்டு வாங்குவது நிலா. நம் வீடுகளில் பூச்சாண்டி வருகிறான், போலீஸ் வருகிறார் என்று குழந்தையை அல்லவா மிரட்டுகிறோம்.

நிலாச்சோறு நீங்கள் சாப்பிட்டதில்லை என்று நினைக்கிறேன். சாப்பிட்டிருந்தால் ‘ஊட்டினார்களே’ என்று எழுதியிருக்க மாட்டீர்கள். குளித்தலைப் பக்கம் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பிள்ளைகள் வாசலில் வட்டமாக உட்காருவோம். நடுவில் பாட்டி. மதியம் வைத்த குழம்பை மீந்த சோற்றில் ஊற்றிப் பெரிய சட்டியில் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்து நீட்டிய கையில் வைப்பாள். உருண்டையின் நடுவே கட்டை விரலால் ஒரு குழி, அதில் இரண்டு சொட்டுக் குழம்பு. வாங்கியதை நாமேதான் தின்ன வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அடுத்த உருண்டை பக்கத்துக் கைக்குப் போய்விடும். நிலா மேலே இருந்தது உண்மை. அதை யார் பார்த்தார்கள்?

இப்போது வள்ளுவருக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் திட்டு வாங்கப் போகிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கும்போது கைகளை எண்ணினேன். மொத்தம் எட்டு. ஊட்டுகிற கை, கிண்ணம் பிடிக்கிற கை, செல்போன் பிடிக்கிற கை என்று பெரியவர்களின் ஆறு கைகளுக்கும் வேலை இருக்கிறது. பாட்டியின் கைகளுக்குள் சும்மா கிடப்பவை இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு, சிறுகை அளாவிய கூழ் ஏன் கிடைக்கவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள். அளாவக் கை வேண்டாமா தம்பி?

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டு ஒன்று இருக்கிறது, 188ஆவது. குழந்தை சாப்பிடுவதை அவன் வரிசையாகச் சொல்வான்: குறுகுறுவென்று நடந்து, கையை நீட்டி, ‘இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொண்டு. இட்டது, தொட்டது, கவ்வியது, துழாவியது, சிதறியது எல்லாம் குழந்தை. ‘ஊட்டியும்’ என்று ஒரு சொல் அதில் கிடையாது. அவன் ராஜா, அரண்மனையில் துடைக்க ஆள் இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அரண்மனையை விடுங்கள். பால்வாடிக்கு வாருங்கள்.

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியபோது எனக்கு நான்கு வயது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு பால்வாடியில் மதியச் சோறு. எங்கள் ஊர் பால்வாடியில் முப்பத்தைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர், இரண்டு ஆயா. ஒருவர் சமைப்பார். மற்றவர் என் அம்மா.

இரண்டு வயதுக் குழந்தைகள் வரிசையாகச் சம்மணம் போட முயன்று முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு. அம்மா சாம்பார் சோற்றைக் குழையப் பிசைந்து போட்டுக்கொண்டே போவாள். கடைசித் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பும்போது முதல் தட்டு பாதி காலியாகியிருக்கும். யாருக்கும் ஊட்டியதில்லை. முப்பத்தைந்து வாய்க்கு எப்படி ஊட்டுவது? சத்துணவில் முட்டை சேர்ந்தது 1989இல், இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் அதற்குள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். முட்டை போடுகிற நாளில் மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே தோலை உரிக்கும் என்று அம்மா சொல்வாள், உள்ளே இருப்பதில் பாதியையும் சேர்த்து.

‘எம்புள்ள ஒண்ணுமே திங்க மாட்டேங்குது’ என்று யாராவது கொண்டுவந்து விட்டால் அம்மா அந்தப் பிள்ளையை நன்றாகத் தின்கிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைப்பாள். அதோடு அவள் வைத்தியம் முடிந்தது. உங்கள் கடிதத்தில் இல்லாதது எது என்று இப்போதுதான் உறைக்கிறது. நீங்கள் மூன்று பேரும் எப்போது சாப்பிடுகிறீர்கள்? உங்கள் மகன் முன்னால் யாராவது தட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களா?

இவ்வளவு பேசுகிற நான் என் மகளை எப்படி வளர்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007. சென்னையில் இரண்டாவது மாடி வீடு. அவளுக்கு இரண்டரை வயது. அப்போது கையில் இப்படி ஒரு செல்போன் இல்லை, டிவி விளம்பரம் இருந்தது. விளம்பரம் ஓடும்போது வாய் திறப்பாள், நிகழ்ச்சி தொடங்கினால் மூடிக்கொள்வாள். கிண்ணத்தோடு மொட்டை மாடி, படிக்கட்டு, வாட்ச்மேன் நாற்காலி என்று ஒரு சுற்று. அப்பாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய், இதுதான் கடைசி வாய். அந்தக் கடைசி வாய்க்கு அப்புறம் நான்கு வாய் வரும். பிள்ளையிடம் நாம் சொல்கிற முதல் பொய் அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தினம் மூன்று வேளை சொன்னேன்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், பசிக்கு டானிக் எழுதித் தரச்சொல்லி. அவர் எடை பார்த்தார், அட்டையில் புள்ளி வைத்தார். பிறக்கும்போது எவ்வளவு என்றார். மூன்று கிலோ. ஒரு வயதில்? ஒன்பது. ‘மூன்று மடங்கு. அதே வேகத்தில் தின்று வளர்ந்தால் மூன்று வயதில் எண்பத்தொரு கிலோ. பரவாயில்லையா?’ என்றார். இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ கூடினாலே போதும், வளர்கிற வேகம் குறைகிறது, அதனால் பசியும் குறைகிறது, ஒரு நாள் தின்னும் மறுநாள் தின்னாது, போய் வா. டானிக் தரவில்லை. நான் வேறு டாக்டரைத் தேடினேன். சொன்னதைக் கேட்கிற ஜாதி இல்லை நான்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா வந்தாள். இரண்டு வேளை என் ஓட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வேளை ஒரு பழைய சேலையை எடுத்து ஹாலில் விரித்தாள். பேத்தியின் சட்டையைக் கழற்றினாள். ஜட்டியோடு உட்கார வைத்து முன்னால் தட்டில் ரசம் சாதம். தனக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. டிவியை அணைத்தாள். என் மகள் என்னைப் பார்த்தாள், நான் அவள் தட்டைப் பார்த்தேன். ‘அவ தட்டைப் பாக்காத. உன் தட்டைப் பாரு’ என்றாள் அம்மா. ‘முப்பத்தஞ்சு புள்ளைக்கு நான் சோறு போட்டேன். ஒண்ண வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துற.’

அன்று என் மகள் தின்றது எண்ணி ஒன்பது பருக்கை. ஆள்காட்டி விரலாலும் கட்டை விரலாலும் கோழி கொத்துவதுபோல ஒவ்வொன்றாக. மீதி சேலையில். எனக்கு அழுகை. அம்மா ஒன்றும் நடக்காததுபோல நான்கு மூலையையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்க் கழுவிக் காயப்போட்டாள்.

சோற்றைக் கையால் தின்பது எவ்வளவு பெரிய வித்தை என்று அந்த ஒரு மாதத்தில்தான் பார்த்தேன். கரண்டி எளிது, அள்ளினால் வரும். கை அப்படியில்லை. பருக்கை பொறுக்குவது முடிந்ததும் அடுத்து முஷ்டி. தட்டில் முழுக் கையையும் விட்டு இறுக்கிப் பிடித்தாள், சோறு விரல் இடுக்குகளில் புழுப்போல வெளியே வந்தது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு. நான்கு நாள் அதுதான் விளையாட்டு, வாய்க்கு ஒன்றும் போகவில்லை. அப்புறம் உள்ளங்கை நிறைய எடுத்து அப்படியே முகத்தில் அப்பினாள். வாய் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் போனது, மூக்குக்கும் கண்ணுக்கும் மீதி. அப்புறம் விரல்களைக் குவிக்கத் தெரிந்தது. ஆனால் குவித்ததை வாய்வரை கொண்டுபோய்விட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையோடு சேர்த்துக் கடித்தாள்.

கட்டை விரல்தான் கடைசியாக வந்தது. குவித்த நான்கு விரல்மேல் இருக்கிற சோற்றை அந்த விரலால் மெல்ல உள்ளே தள்ளுகிறோமே, அது. யாரும் சொல்லித் தரவில்லை. எதிரில் பாட்டி தள்ளுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் மோர்சாதத்தில் அது நடந்தது. தள்ளினாள், உள்ளே போனது, கையில் ஒன்றும் ஒட்டவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் தட்டைத்தான் பார்க்கிறேன் என்று நடித்துக்கொண்டு அதை நான் பார்த்துவிட்டேன். உங்கள் மகனுக்கு மூன்றேகால் வயது ஆகிறது. அவன் கட்டை விரல் இன்னும் பாட்டியின் பிடிக்குள் இருக்கிறது.

பாட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, இதைக் காட்டி வீட்டில் சண்டை மூட்டாதீர்கள். பிடித்த கையை விடச் சொல்லி அவரிடம் கேட்கும் வேலை உங்களுடையது. கூட்டுகிற வேலையும் உங்களுடையதே. ‘எல்லாவற்றையும் தட்டிவிடுவான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, தட்டிவிட்டதை இதுவரை எத்தனை நாள் நீங்கள் துடைத்திருக்கிறீர்கள்? செல்போன் பிடித்த கைக்கு ஒரு துணி பிடிக்க வராதா?

என் மகள் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். வீடியோ காலில் பார்த்தேன், தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கரண்டியால் ஃப்ரைடு ரைஸ் தின்றுகொண்டிருந்தாள். ஆகவே நான் சொல்வதால் பெரிய பலன் உண்டு என்றெல்லாம் நம்பிவிடாதீர்கள்.

கதைப்புத்தகம் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள், இன்னொரு நாள் எழுதுகிறேன். பழைய சேலை நூல் சேலையாக இருக்கட்டும், பாலியெஸ்டர் ரசத்தை உறிஞ்சாது, தரைக்கு வழியவிடும். சாப்பிட்டு முடித்ததும் குழந்தையின் காதுக்குப் பின்னாலும் துடையுங்கள். நான் முதல் நாள் அதை மறந்துவிட்டேன், ராத்திரி எறும்பு கடித்து ஊரைக் கூட்டிவிட்டாள்.

அன்புடன்,
அக்கா