பெண் கவுன்சிலர் என்றாலே வீட்டுக்காரர்தானே வேலை பார்க்கிறார், 50 சதவீத ஒதுக்கீட்டால் யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு எழுதுகிறேன். நீங்கள் அநேகமாக அபார்ட்மெண்டில் குடியிருப்பவராக இருப்பீர்கள். உங்கள் வார்டு கவுன்சிலரைத் தேர்தல் நேரத்து போஸ்டரில்தான் பார்த்திருப்பீர்கள். அதில் அவர் படத்துக்குப் பக்கத்தில் அவரைவிடப் பெரிதாக அவர் வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டு நின்றிருப்பார். அந்தக் கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். எங்கள் வார்டிலும் முதல் ஒரு வருடம் அதுதான் கதை.

நான் வட சென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம். வீட்டிலேயே தையல், கூடவே எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு ஒன்பது வருடமாகத் தலைவி. எந்தக் கட்சியிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுன்சிலரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் "எவ்வளவு வாங்கினீங்க" என்று கேட்க ஒருவர் வந்துவிடுவார். அப்புறம், எல்லாப் பெண் கவுன்சிலரும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி ஒண்டுக்குடித்தனம். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், மழைக்காலம் வந்தால் அதுவும் பொங்கி நிற்கும். அதனால் தெருக்கோடியில் இருக்கும் பொதுக் கழிவறைதான் எங்களுக்குக் கதி. பெண்கள் பக்கம் நாலு அறை. ஒன்றுக்கு மட்டும்தான் தாழ்ப்பாள் விழும். இரண்டில் கதவை வெளியிலிருந்து யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலாவது எப்போதும் பூட்டு. பராமரிப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் அதை குடோனாக வைத்திருந்தார். கேட்டால் "உள்ள குழாய் உடைஞ்சிருக்கும்மா" என்பார். விளக்கு கிடையாது. ஆண்கள் பக்கம் ஆறு அறை, ஆறிலும் தாழ்ப்பாள் உண்டு. அதனால் நாங்கள் நாலரை மணிக்கே எழுந்து, ரெண்டு பேர் மூணு பேராகச் சேர்ந்துதான் போவோம். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் அம்மாவும் கூடவே போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அடக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

யாரிடம் சொல்வது? 2016 அக்டோபரோடு பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் இந்த ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது. இது சென்னைக்குப் புதிதும் இல்லை. என் மகள் பொருளாதாரம் படிக்கிறாள், வருடக் கணக்கெல்லாம் அவள் எடுத்துக் கொடுத்தது. 1973ல் மன்றத்தைக் கலைத்தார்கள், மறுபடி தேர்தல் நடந்தது 1996ல். நான் 1976ல் பிறந்தவள். பிறந்து, படித்து, கல்யாணமாகி, பெரியவன் வயிற்றில் இருக்கும் வரைக்கும் எனக்குக் கவுன்சிலர் என்று ஒருத்தர் இருந்ததே இல்லை. 1688ல் ஆரம்பித்த மாநகராட்சி இது, நாட்டிலேயே பழையது. அதில் 1957ல் தாரா செரியன், 1971ல் காமாட்சி ஜெயராமன், இந்த இரண்டு பேர்தான் பெண் மேயர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவதாக 2022 மார்ச் 4ஆம் தேதி பிரியா பதவியேற்றார். 28 வயது, 74ஆவது வார்டு, திரு.வி.க. நகர் பக்கம், எங்கள் வட சென்னைப் பெண். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அந்த முறை பதவியைப் பட்டியலினப் பெண்ணுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்காவிட்டால் தானாக நடந்திருக்கும் என்று யாராவது சொன்னால், நடுவில் போன ஐம்பது வருடத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு டிவியில் அந்தப் பெண் செங்கோலோடு நின்றதைக் குழுவில் பதினாலு பேரும் சேர்ந்து பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, எங்கள் கவுன்சிலருக்கு வருகிறேன். அவரும் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்தவர்தான். அவர் வீட்டுக்காரர் கட்சியில் பழைய ஆள். போன் செய்தால் அவர்தான் எடுப்பார். வாசலில் பிளாஸ்டிக் டேபிள் போட்டு மனு வாங்குவதும் அவர்தான். நீங்கள் சொல்கிற அதே காட்சி.

2023ல் ஒரு நாள் குழுவிலிருந்து ஐந்து பேர் மனுவோடு போனோம். டேபிளில் அவர் இருந்தார். "சொல்லுங்கம்மா, நானே பேசி முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தாழ்ப்பாள் இல்லை என்று சொல்லிவிடலாம். மாதவிலக்கு நாளில் துணி மாற்ற இடம் இல்லை, மாற்றியதைப் போட டப்பா இல்லை, பேப்பரில் சுற்றி இடுப்பில் செருகி வீட்டுக்கே கொண்டுவருகிறோம் என்பதை, பக்கத்தில் நாலு ஆண்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது? நான்தான் சொன்னேன், "அண்ணே, இது பொம்பளைங்க விஷயம். அக்காகிட்டதான் சொல்லணும்." அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார்.

கவுன்சிலர் சமையல்கட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு எங்களோடு தரையிலேயே உட்கார்ந்தார். எங்கள் தெரு ஆயா ஒருத்தர், எழுபது வயதிருக்கும், யாருக்கும் பயப்படாது. "எம்மா, சொன்னா உனக்குப் பிரியாது. ஒரு தபா வந்து பாரு" என்றது. கவுன்சிலர் கேட்டது ஒரே கேள்வி. "நீங்கல்லாம் எத்தனை மணிக்குப் போவீங்க?" நாலரை என்றோம். "சரி, நாலரைக்கு வரேன்."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் நாலே முக்காலுக்கு நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு வந்தார். கூட அவர் தங்கச்சி மட்டும். வரிசையில் எங்களோடு நின்றார். அவர் முறை வந்தபோது தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் போனார். வெளியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வெளியே வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பூட்டியிருந்த நாலாவது அறைக் கதவின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். பெயிண்ட் டப்பா, சிமெண்ட் மூட்டை, சுருட்டிக் கட்டிய பழைய பேனர். அங்கேயே நின்று தன் போனிலிருந்தே குத்தகைக்காரரை எழுப்பினார். வீட்டுக்காரருக்குப் போடவில்லை, அதை நான் கவனித்தேன். ஆறு மணிக்குப் பூட்டுத் திறந்தது. குழாய் உடையவே இல்லை. திருகினால் தண்ணீர் வந்தது.

எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். விளக்கு மூன்றாம் நாள் வந்தது. தாழ்ப்பாளுக்கு ஒரு மாதம். முழு வேலை முடிய நாலு மாதம் ஆனது. வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் கவுன்சிலர் எங்களைக் கூப்பிட்டு, என்னவெல்லாம் செய்யப் போகிறார்கள் என்ற பட்டியலை வாசித்துக் காட்டினார். டைல்ஸ், கதவு, பைப், பெயிண்ட், எல்லாம் இருந்தது. துணி மாட்ட ஒரு கொக்கி இல்லை. புடவை கட்டியவள் கையில் பக்கெட், தோளில் மாற்றுத் துணி, கீழே ஈரம். எதை எங்கே வைப்பாள்? பட்டியல் போட்டவருக்கு அது தோன்றவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை, அவ்வளவுதான். கொக்கியும் மூடி போட்ட டப்பாவும் கவுன்சிலர் தன் கையால் எழுதிச் சேர்த்தார். "எவ்வளவு உயரத்துல வைக்கலாம்?" என்று கேட்டபோது நான் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தேன். ஆயா குள்ளம், கை எட்டுவது அறுபத்திரண்டு அங்குலம். ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு ஐம்பத்தைந்து இருந்தால் போதும். அறைக்கு இரண்டு கொக்கி, ஒன்று மேலே, ஒன்று கீழே. சுவரில் மார்க்கிங் சாக்பீஸால் எட்டு இடத்தில் நானே கோடு போட்டேன். இருபத்தைந்து வருடமாக ஊர் உடம்பையெல்லாம் அளந்த டேப். அதை வைத்து ஒரு அரசாங்க வேலைக்கு அளவு கொடுத்தது அன்றைக்குத்தான்.

"ஒரு கக்கூஸுக்கு இவ்வளவு பேச்சா" என்று நினைப்பவர்கள் வீட்டில் இரண்டு இருக்கும்.

என் மகள் இன்னொன்றும் சொன்னாள். 2019ல் நோபல் வாங்கிய எஸ்தர் டுஃப்லோ, ராகவேந்திர சட்டோபாத்யாய் என்பவரோடு சேர்ந்து மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004ல் எழுதியிருக்கிறாராம். பெண்ணுக்கு ஒதுக்கிய ஊர்களில், அங்கிருக்கும் பெண்கள் எதைக் கேட்கிறார்களோ அதற்குக் கூடுதலாகச் செலவு செய்திருக்கிறார்கள். முக்கியமாகக் குடிதண்ணீருக்கு. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கேட்பவளுக்கு வாய் திறக்கத் தைரியம் வருகிற மாதிரி எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கேட்பாள்.

இதைச் சொல்லும்போது வேறொன்றும் ஞாபகம் வருகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெரியவனுக்குப் பெண் பார்க்கிறோம். நல்ல வேலை, குடிப்பழக்கம் இல்லை. போன தை மாதம் கூவத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது, பையனைப் பிடித்திருந்தது. வீடு பார்க்க வரவேண்டிய நாளில் தரகரிடம் "ஏரியாதான் யோசனையா இருக்கு" என்று சொல்லிவிட்டார்களாம். வரவே இல்லை. நான் கேசரி கிளறி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் ஏரியா என்றால் என்ன? ஊருக்கெல்லாம் குப்பை கொட்ட இடம் கொடுத்த ஏரியா. ஊருக்கெல்லாம் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய ஏரியா. சினிமாக்காரர்கள் கையில் கத்தியைக் கொடுத்தே எங்களைக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். அதே ஏரியாவிலிருந்துதான் மேயர் வந்திருக்கிறார் என்று தரகரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த விடியற்காலைக்குப் பிறகு எங்கள் கவுன்சிலர் வாசல் டேபிளில் தானே உட்கார ஆரம்பித்தார். வீட்டுக்காரர் ஒதுங்கிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நடுவில் பேசுவார். ஆனால் போன் இப்போது அந்த அம்மாவின் கையில். பணமும் ஒரு காரணம், அதை யாரும் பேசுவதில்லை. 2023 ஜூலை வரைக்கும் கவுன்சிலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அதற்கப்புறம்தான் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. சொந்தமாக வருமானம் இல்லாத ஒரு பெண் மண்டல அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்கவே புருஷனிடம் கைநீட்டினால், அவர் பேச்சைக் கேட்காமல் எப்படி இருப்பாள்? 10,000 பெரிய பணம் இல்லை. ஆனால் அவள் பணம்.

கணவர் வேலை பார்க்கிறார் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் எப்போதாவது அவரைத் தாண்டி உள்ளே போய்க் கேட்டிருக்கிறீர்களா என்றுதான். நாங்களே ஒரு வருடம் கேட்கவில்லை. வாசலில் இருந்தவரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து "எல்லாம் அந்த ஆள்தான்" என்று பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த தடவை போன் எடுப்பவர் கவுன்சிலராக இல்லாவிட்டால் "அம்மாகிட்ட குடுங்க" என்று கேளுங்கள், கொடுக்கும்வரை வைக்காதீர்கள். 2022லிருந்து வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள். அங்கே போய், கவுன்சிலரைப் பார்த்துப் பேசுங்கள். ஆண்களும்தான். பெண் கவுன்சிலரிடம் பேச ஆண்களுக்கு இன்னும் வாய் வரவில்லை என்பதையும் நான் எங்கள் பகுதிக் கூட்டத்தில் பார்க்கிறேன்.

கழிவறை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். விளக்கு எரிகிறது. நாலாவது அறையின் சாவி ஆயாவிடம். கீழ்க்கொக்கியில் இரண்டு போன மாதம் கழன்றுவிட்டன, பிள்ளைகள் பையோடு மாட்டித் தொங்கியிருக்கிறார்கள் போல. போன் செய்தேன். கவுன்சிலரே எடுத்தார், பின்னால் குக்கர் விசில் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். இந்த முறை ஸ்க்ரூ நீளமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.