வண்டி நிஜம்தான், விற்பவர் யார்?

கேள்வி: இணையத்தில் 2016 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று 1,80,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்திருந்தது. மற்ற விளம்பரங்களில் அதே மாடல் மூன்றரை லட்சத்துக்குக் குறையவில்லை. விற்பவர் தான் ராணுவ வீரர் என்றார். சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புப் பணியாம், அசாமுக்கு மாற்றலாகிவிட்டதால் அவசரமாக விற்கிறாராம். அடையாள அட்டை, ஆதார், ஆர்.சி. எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ராணுவப் பார்சலில் வண்டி வீட்டுக்கே வரும் என்று 5,150 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது டெபாசிட் 14,200 ரூபாய் கேட்கிறார், திரும்பக் கிடைத்துவிடுமாம். பில் போடுவதற்காக என் ஆதார் நகலையும் அனுப்பியிருக்கிறேன். மீதியைக் கட்டலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். கடிதம் கிடைத்ததும் இதை உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அனுப்பிய தேதி, தொகை, யூபிஐ பரிவர்த்தனை எண், அந்த ஆளின் போன் நம்பர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கும்பல்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மளமளவென்று மாற்றிவிடும். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, வங்கி அதை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. எண்ணைச் சரிபார்த்தீர்கள், அடையாள அட்டை கேட்டு வாங்கினீர்கள். அப்படியும் எப்படி ஏமாந்தீர்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டி எண் அநேகமாக உண்மையானதுதான். வேறு யாரோ நேர்மையாகப் போட்ட விளம்பரத்திலிருந்து படங்களையும் எண்ணையும் எடுத்திருப்பார்கள். அப்படி ஒரு வண்டி இருக்கிறது என்பதைத்தான் செயலி சொல்லும். போனில் பேசும் ஆள் அதன் ஓனரா என்பது அதற்குத் தெரியாது. அடையாள அட்டையும் அப்படித்தான்: போலியாக இருக்கலாம், முன்பு ஏமாந்த இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். உங்கள் ஆதார் நகல் நாளை வேறொருவருக்கு 'இதோ என் ஆதார்' என்று போகக்கூடும். ஆகவே நகல் அனுப்பிய விஷயத்தைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள். ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக் லாக் (கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைப்பது) வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

அந்த ஆள் சொன்ன கதையிலேயே ஓட்டை இருக்கிறது. சென்னை விமான நிலையப் பாதுகாப்பைப் பார்ப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, ராணுவம் அல்ல. ராணுவத்தில் இருப்பவர் தன் சொந்தக் காரை விற்றாலும் நம்மைப் போல ஆர்டிஓ ஆபீஸ் வழியாகத்தான் பெயர் மாற்ற வேண்டும். அவர் விற்ற காரை வாங்கியவர் வீட்டில் கொண்டுவந்து இறக்க ராணுவம் பார்சல் சர்வீஸ் நடத்தவில்லை. சீருடை மீது நமக்கு இருக்கும் மரியாதையை வைத்துத் திருடுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. அடுத்த முறை வேறு வேலை, வேறு ஊர் சொல்வார்கள். நேரில் வராமல் இருக்க ஒரு காரணம், முதலில் சின்னதாக ஒரு தொகை, அப்புறம் 'திரும்பக் கிடைக்கும்' என்று இன்னொரு தொகை என்ற வரிசை மட்டும் மாறாது.

நேரில் போய் வண்டியைப் பார்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் ஒரு மோசடி நடக்கிறது. உண்மையான ஓனர் போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஒருவன் அவரிடம், "என் மச்சான் வண்டி பார்க்க வருவான். விலை மட்டும் அவனிடம் பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். அதே வண்டியைக் குறைந்த விலைக்குத் தானே விளம்பரம் செய்து, கூப்பிடும் உங்களிடம், "அங்கே இருப்பவர் என் மச்சான், அவரிடம் விலை பேசாதீர்கள்" என்கிறான். நீங்கள் போகிறீர்கள். வண்டி இருக்கிறது, ஆர்.சி. இருக்கிறது, ஓட்டியும் பார்க்கிறீர்கள். நம்பி அவன் சொன்ன கணக்குக்குப் பணம் அனுப்புகிறீர்கள். கடைசியில் நீங்களும் ஓனரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழிக்க வேண்டியதுதான். விலை பேசாதே என்று யாராவது சொன்னால், எதிரில் நிற்பவரிடம் முதலில் அந்த விலையைத்தான் கேட்க வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள பெயர், எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'தம்பி கணக்குக்குப் போடுங்கள்' என்றால் நின்றுவிடுங்கள். அசல் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். திருட்டு வண்டிக்கு வேறு வண்டியின் நம்பர் பிளேட்டை மாட்டி விற்பது இந்த இடத்தில்தான் மாட்டும். ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது) என்று பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ப்பேச்சை நம்பாமல் பைனான்ஸ் கொடுத்த என்ஓசியையும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35-ஐயும் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் உங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போடட்டும். மீதிப் பணத்தை அப்போது கொடுக்கலாம்.

'இன்னொருவர் டோக்கன் அட்வான்ஸ் போட ரெடியாக இருக்கிறார்' என்று அவசரப்படுத்தினால், அவருக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள். பணம் அனுப்புகிறேன், கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யூபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்றால் அதுவும் மோசடிதான். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை.

நீங்கள் கட்ட மறுத்ததும் 'போலீஸில் கேஸ் போடுவேன்' என்று அந்த ஆள் மிரட்டலாம். பதில் பேச வேண்டாம். சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், நாங்கள் சைபர் செல் என்று வேறு யாராவது பேசி, அதற்கும் கட்டணம் கேட்கலாம். 1930-ல் புகார் கொடுக்க எந்தக் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அந்த விளம்பரம் இன்னும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தத் தளத்திலேயே மோசடி என்று புகார் செய்துவிடுங்கள். அதைப் பார்த்து இன்றைக்கும் யாராவது போன் செய்துகொண்டிருப்பார்கள்.