ஊர்க் கவிஞரின் பிரார்த்தனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாங்கள் பரிந்துரைத்த, வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ வானொலி நாடகத்தைக் கேட்டேன். அந்தக் கடலோரச் சிற்றூரில் கவிதை எழுதும் போதகரும் ஆர்கன் இசைப்பவரும் நகைப்புக்குரியவர்களாகவே வருகிறார்கள். சிற்றூரில் இருந்து கவிதை எழுதும் எனக்கு அது வலித்தது. கலைஞர்களைக் கேலி செய்யும் நாடகத்தை ஏன் இவ்வளவு புகழ்கிறீர்கள்?

ஒரு வாசகர், சாத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஏளனம் இருப்பதாக நான் கருதவில்லை.

போதகர் ஈலை ஜென்கின்ஸ் விடியலில் வாசலில் நின்று சொல்லும் கவிதை, வேல்ஸின் பெரிய மலைகளையும் ஆறுகளையும் பெயர் சொல்லிப் புகழ்ந்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் தம் ஊர்ச் சிற்றோடைக் கரையில் உலவினால் போதும் என்று முடிகிறது. பழைய பாணியில் அமைந்த அந்த வரிகளைக் கேட்டு நாம் புன்னகைப்பது உண்மைதான். ஆனால் அந்தியில் அவர் சொல்லும் பிரார்த்தனையைக் கவனியுங்கள். இவ்வூரில் எவரும் முற்றிலும் நல்லவரும் அல்லர், முற்றிலும் தீயவரும் அல்லர். எங்கள் நல்ல பக்கத்தையே நீ முதலில் காண்பாய் என்று அவர் இறைவனிடம் கூறுகிறார். நாடகம் முழுவதற்கும் அடிப்படையான பார்வை இதுவே. தம் கவிதையில் ஒவ்வொரு சொல்லையும் செதுக்கிய தாமஸ், அதைச் சொல்லும் பொறுப்பை இந்த எளிய ஊர்க் கவிஞரிடம்தான் ஒப்படைத்தார். வேல்ஸின் ஆண்கள் பாடகர் குழுக்கள் இன்றும் அந்த வரிகளைத் தோத்திரப் பாடலாக, முழு மனத்தோடு பாடுகின்றன.

ஆர்கன் இசைப்பவரான ஆர்கன் மார்கன், கல்லறைமேல் குடித்துவிட்டுக் கிடப்பவரை இசைமேதை பாக் என்றே எண்ணிப் பரவசத்துடன் அழைக்கும் காட்சியிலும், என் காதில் விழுவது இசையைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லாத ஒருவரின் பித்துத்தான். ஊரார் பழிக்கும் பாலி கார்ட்டர் தரையைத் தேய்த்துக்கொண்டே, இறந்துபோன காதலனை நினைத்துப் பாடுகிறாள். அதைக் கேட்ட போதகர் அவளைக் கண்டிக்காமல், நாம் இசை மிகுந்த இனம் என்று இறைவனைத் துதிக்கிறார்.

தாமஸின் தொடக்கத் திட்டம் ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். இவ்வூருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று விசாரணை நடக்கிறது. சித்தசுவாதீனமுள்ள ஊர் எப்படியிருக்கும் என்ற விவரிப்பைக் கேட்டதும், ஊரார் வாதாடுவதை நிறுத்திவிட்டு, அப்படிப்பட்ட உலகத்திலிருந்து தங்களைப் பிரித்து வைக்கும்படி தாங்களே வேண்டுகிறார்கள். அந்தக் கதையமைப்பைப் பின்னர் கைவிட்டாலும், யார் பக்கம் அவர் நின்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1953 நவம்பரில் தம் 39ஆம் வயதில் தாமஸ் மறைந்த பின், 1954 ஜனவரி 25 அன்று பிபிசி இதை ஒலிபரப்பியது. நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் குரல் கொடுத்த அந்தப் பதிவையே மீண்டும் கேளுங்கள். அந்திப் பிரார்த்தனை வரும் வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்.