பழைய மேசைக் கணினியில் ஒலிக் கோளாறுகள்: கேள்வி பதில்

எழுதியிருப்பவர்களில் பெரும்பாலோர் டிரைவரை (ஒலிச் சில்லை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்த பிறகுதான் கேட்டிருக்கிறீர்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பாடலை இயக்கும் மென்பொருள், டிரைவர், மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லு, ஜாக், கேபிள், ஸ்பீக்கர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துதான் ஒலி நம் காதுக்கு வருகிறது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம், எதையும் நிறுவவும் வேண்டாம். ஸ்பீக்கரைக் கைப்பேசியிலோ வேறு கருவியிலோ செருகிப் பார்த்தால் கேபிளும் ஸ்பீக்கரும் நன்றாக உள்ளனவா என்பது தெரிந்துவிடும். யுஎஸ்பியிலிருந்து நேரடியாக ஓடும் லினக்ஸில் கணினியைத் துவக்கி, அங்கே ஒலி வந்தால், வன்பொருளில் குறையில்லை, விண்டோஸில்தான் குறை என்று முடிவு செய்யலாம்.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மதர்போர்டை வேறு கேபினெட்டுக்கு மாற்றினேன். அதிலிருந்து பின்பக்கப் பச்சை ஜாக்கில் ஒலியே இல்லை. டிவைஸ் மேனேஜரில் குறை எதுவும் காட்டவில்லை. பாடலை ஓட்டினால் நேரம் நகர்கிறது. டிரைவரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பதில்: பாடலின் நேரம் நகர்கிறது என்று கவனித்து எழுதியதற்கு நன்றி. ஒலிச் சில்லு தரவை வாங்கிக்கொள்ளாவிட்டால் பெரும்பாலான மென்பொருள்களில் அந்த நேரம் நகராமல் நின்றுவிடும். ஆகவே உங்கள் டிரைவர் வேலை செய்கிறது. ஒலி சில்லுக்கும் ஜாக்குக்கும் இடையில்தான் அறுபட்டிருக்கிறது.

கேபினெட்டை மாற்றிய பிறகு இது நடந்திருப்பதால், முன்பக்க ஆடியோ இணைப்பை முதலில் பாருங்கள். இன்டெல் 1997-இல் கொண்டுவந்த ஏசி 97 தரத்தைப் பின்பற்றும் மதர்போர்டுகளில், ஒலி நேராகப் பின்பக்க ஜாக்குக்குப் போவதில்லை. பத்துப் பின்களுக்கான இடமும் அதில் 8-ஆம் பின் இல்லாத வெற்றிடமும் கொண்ட ஓர் இணைப்பியில் 5, 9 ஆகிய பின்கள் வழியாக அது கேபினெட்டின் முன்பக்கத்துக்குப் போய், 6, 10 ஆகிய பின்கள் வழியாகத் திரும்பி வந்த பிறகே பின்பக்க ஜாக்கை அடைகிறது. முன்னால் ஹெட்போன் செருகினால் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் அடங்கிவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. முன்பக்கக் கம்பியை இணைக்காத மதர்போர்டில் 5-ஐயும் 6-ஐயும் ஒரு ஜம்பரும் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி), 9-ஐயும் 10-ஐயும் மற்றொரு ஜம்பரும் சேர்த்திருக்க வேண்டும். பழைய கேபினெட்டில் அந்தச் சுற்றைக் கம்பி முடித்துவைத்தது. புதியதில் முடிக்க எதுவும் இல்லை. கணினியை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நகத்தளவே உள்ள இரண்டு ஜம்பர்களைச் செருகினால் ஒலி திரும்பிவிடும். 4-ஆம் பின்னில் 5 வோல்ட் வருவதால், அம்புக்குறியோ 1 என்ற எண்ணோ இருக்கும் முனையிலிருந்து எண்ணிப் பார்த்த பிறகே செருகுங்கள்.

2004-இல் வந்த எச்டி ஆடியோ தரத்தில் முன்பக்க ஜாக் தனி வெளியீடாகிவிட்டதால் இந்த ஜம்பர்கள் தேவையில்லை. ஆனால் எச்டி மதர்போர்டில் ஏசி 97 காலத்து முன்பக்கப் பலகையை இணைத்தால், அங்கே ஹெட்போன் செருகியிருப்பதைச் சில்லால் அறிய முடியாது. அப்போது ரியல்டெக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

பதில்: அந்தக் கார்டில் உள்ள எச்டிஎம்ஐ வெளியீட்டை விண்டோஸ் இயல்பு ஒலிக் கருவியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கடிகாரத்தின் அருகில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து, பிளேபேக் டிவைசஸ் பட்டியலில் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்து, செட் டிஃபால்ட் கொடுங்கள்.

கேள்வி: எக்ஸ்பியில் பாட்டு ஓடும்போது ஏதாவது கோப்பைப் பிரதி எடுத்தால் ஒலி கரகரத்து, துண்டு துண்டாக உடைகிறது. மவுஸும் திணறுகிறது. சவுண்ட் கார்டை மாற்றியும் தீரவில்லை.

பதில்: சவுண்ட் கார்டு குற்றமற்றது. மவுஸும் சேர்ந்து திணறுகிறது என்ற ஒரு வரியே குறை வேறிடத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

ஐடிஇ (பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்டு டிஸ்க் வழக்கமாக டிஎம்ஏ முறையில், அதாவது பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், தரவை நினைவகத்துக்கு அனுப்பும். தரவு வரும் வழியில் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால் எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ முறைக்குத் தள்ளிவிடுகிறது. அந்த முறையில் ஒவ்வொரு துணுக்கையும் பிராசஸரே கையால் அள்ளிப்போட வேண்டியிருப்பதால், ஒலிச் சில்லுக்கு உரிய நேரத்தில் தரவு போய்ச் சேராது. அந்த இடைவெளிகளே கரகரப்பாகக் கேட்கின்றன. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பகுதியில் தற்போதைய முறை என்னவென்று பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடியும் துவக்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டறிந்து டிஎம்ஏவுக்குத் திரும்பும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் சில வாரங்களில் அதே நிலை வரும், ஏனெனில் பிழை எங்கிருந்து வந்தது என்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை. பட்டைக் கேபிளைப் பாருங்கள். நொடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வேகங்களுக்கு 80 இழைகள் கொண்ட, நுண்ணிய வரிகளுடைய கேபிள் தேவை. 40 இழைகளே உள்ள பழைய கேபிளோ, மடிந்து நைந்த கேபிளோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிளை மாற்றிய பிறகும் பிஐஓவுக்கே திரும்பினால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது என்று கொண்டு, முக்கியமானவற்றை அன்றைக்கே வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

கேள்வி: ஒலிக் கருவியே இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது. எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவலாமா?

பதில்: நிறுவ வேண்டாம். அவற்றில் பல உங்கள் சில்லை ஊகித்துப் பொருந்தாத டிரைவரைப் போடுகின்றன. சில வேண்டாத விளம்பர மென்பொருளையும் கூடவே கொண்டுவருகின்றன. முதலில் சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஆடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்து, பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) மதர்போர்டின் ஒலி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பேட்டரி தீர்ந்த பழைய மதர்போர்டில் அமைப்புகள் தாமாக மாறியிருக்கும். இரண்டும் சரியென்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐடியைப் படியுங்கள். தயாரிப்பாளர் எண் 10ஈசி என்றால் ரியல்டெக், 1106 என்றால் வியா. அந்த எண்ணை வைத்து மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலேயே டிரைவரைத் தேடுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் எப்போதும் ஊம்ம் என்ற முனகல் கேட்கிறது. பாடலை நிறுத்தினாலும் போவதில்லை.

பதில்: ஆடியோ கேபிளைக் கணினியின் பக்கம் மட்டும் பிடுங்கிப் பாருங்கள். முனகல் அப்படியே இருந்தால் குறை ஸ்பீக்கரிலோ கேபிளிலோ இருக்கிறது. நின்றுவிட்டால் அது பெரும்பாலும் எர்த் வளையம்: கணினியும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடங்களில் எர்த்தோடு சேர்ந்திருக்க, ஆடியோ கேபிளின் உறை அவ்விரண்டையும் மறுபடியும் இணைத்து ஒரு வளையத்தை முடித்துவிடுகிறது. மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் அந்த வளையத்தில் ஓடுவதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். டிவி டியூனர் கார்டு இருந்தால் அதன் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பழைய கணினிகளில் பல முறை வளையத்தை முடித்துவைப்பது அந்தக் கேபிள்தான்.

மறுகேள்வி (வேறொருவர்): இவ்வளவு சுற்றுவானேன்? நான் கணினிப் பிளக்கின் எர்த் பின்னை நீக்கிவிட்டேன். முனகல் உடனே நின்றது. நீங்கள் சொன்ன காரணமே அதனால் உறுதியாகிறதே.

பதில்: காரணம் உறுதியாகிறது; செய்தது சரியென்று ஆகிவிடாது. இதைப் படிக்கும் யாரும் அதைச் செய்ய வேண்டாம். கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் வழங்கும் பெட்டியில்), மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு ஒவ்வொரு சிறிய கெப்பாசிட்டர் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருக்கும்வரை அவற்றின் வழியே கசிவது தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாதபோது கேபினெட் மின்வழங்கலின் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தில் மிதக்கிறது. திருகாணியைத் தொடும்போது விரல் நுனியில் சுருக்கென்று தைப்பது அதனால்தான். அந்தக் கசிவு ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உள்ளே மின்கம்பி ஒன்று கேபினெட்டைத் தொட்டுவிட்டால், எர்த் இருக்கும் கணினியில் ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாத கணினியில் எதுவும் நடக்காது. முழு மின்னழுத்தமும் கேபினெட்டில் ஏறி, ஆடியோ கேபிளின் உறை வழியாக உங்கள் காதில் இருக்கும் ஹெட்போன்வரை வந்து காத்திருக்கும்.

மறுகேள்வி (மற்றொருவர்): என் ஸ்பீக்கருக்கு இரண்டு பின் பிளக்தான் வந்தது. அதற்கு எர்த் தேவையில்லை என்றால் கணினிக்கு மட்டும் ஏன்?

பதில்: நல்ல கேள்வி. இரண்டு பின் கருவி இரட்டைக் காப்புடன் கட்டப்பட்டது. அதன் அடியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு காப்பு போனாலும் மற்றொன்று தாங்கும். கணினியின் கேபினெட் உலோகம். அதற்கு இருக்கும் இரண்டாவது பாதுகாப்பே எர்த்தான்.

மறுகேள்வி (பின்னை நீக்கியவர்): ஆறு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. இடையில் வைக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ அடி ஒலியைக் கெடுத்துவிடுகிறது.

பதில்: ஆறு வருடமாக உள்ளே கோளாறு ஏற்படவில்லை என்பதே அதன் பொருள், ஏற்படும் நாளில் உங்களைக் காக்க அங்கே எதுவும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆடியோ கேபிளின் நடுவே செருகும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர்களில் மலிவானவற்றின் இரும்பு உட்கரு சிறியது என்பதால், தாழ்ந்த ஒலிகளில் அது திணறி ஒலியைச் சிதைக்கும். சற்றுப் பெரிய உட்கருவுள்ளதை வாங்கினால் இந்தக் குறை வெகுவாகக் குறையும். அதைவிட நல்ல வழி, மதர்போர்டிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஆப்டிகல் ஜாக் இருந்தால் அதைப் பயன்படுத்துவது. ஒளியிழையில் மின்சாரம் ஓடாததால் வளையம் அங்கேயே அறுபடுகிறது. அதே டிஜிட்டல் ஒலியைத் தாமிரக் கேபிளில் அனுப்பினால் உறை மறுபடியும் எர்த்தை இணைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். முனகலை நிறுத்த இத்தனை வழிகள் இருக்கின்றன. புதிய பிளக்கை இன்றே மாட்டுங்கள்.

கேள்வி: கைப்பேசியோடு வந்த ஹெட்செட்டைச் செருகினால் கேட்கிறது, ஆனால் மைக் வேலை செய்யவில்லை.

பதில்: அந்தப் பிளக்கில் நான்கு உலோகத் தொடுபகுதிகள் உண்டு; பழைய கணினியின் ஜாக்குகள் மூன்றுக்கு உரியவை. ஹெட்போனையும் மைக்கையும் இரண்டாகப் பிரிக்கும் சிறிய கேபிளை வாங்கி, மைக் முனையை இளஞ்சிவப்பு ஜாக்கில் செருகுங்கள். நீல ஜாக் லைன் இன். மைக்குக்குத் தேவையான சிறு மின்னழுத்தத்தை அது தராது.

கேள்வி: என்னிடம் எக்ஸ்பி. எச்டி ஆடியோ டிரைவர் நிறுவ மறுக்கிறது. டிரைவர் புதுப்பிக்கும் மென்பொருளைப் பரிந்துரையுங்கள்.

பதில்: பரிந்துரைக்க மாட்டேன், காரணத்தை மேலே எழுதிவிட்டேன். எச்டி ஆடியோ டிரைவருக்கு முன்பு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் யுஏஏ பஸ் டிரைவர் தேவை. மதர்போர்டுடன் வந்த குறுந்தகட்டில் கேபி888111 என்ற பெயரில் தேடுங்கள்.

கேள்வி: பாட்டு சிடி சுழல்கிறது, ஒலி இல்லை. எம்பி3 ஒலிக்கிறது. டிரைவரைப் புதுப்பிக்கலாமா?

பதில்: டிரைவரைத் தொடாதீர்கள். சிடி டிரைவின் பின்புறத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் நான்கு பின் ஒலிக் கம்பி கழன்றிருக்கிறது. அதை இணையுங்கள், அல்லது டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவுக்கு டிஜிட்டல் சிடி ஆடியோவை இயக்குங்கள்.

கேள்வி: ஒலி வரவர இரைச்சலாகிறது. மதர்போர்டில் சில கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸையும் திறந்து பார்க்கவா?

பதில்: திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் அபாயகரமான மின்னழுத்தம் தங்கியிருக்கும். மதர்போர்டில் நீங்கள் கண்டதே போதுமான விடை. நன்றாக உள்ள கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டதில் தலையின் கீறல் விரிந்து, சில நேரம் பழுப்பு நிறத்தில் பிசின் போலக் கசிந்து உறைந்திருக்கும். 2000-களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகளில் தரம் குறைந்த மின்பகுளி நிரப்பிய கெப்பாசிட்டர்கள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. சால்டரிங் நன்கு அறிந்தவரிடம் கொடுத்து, அதே கொள்ளளவும் அதே வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ளவற்றை, கழித்தல் குறி கோட்டின் திசை மாறாமல் போடச் சொல்லுங்கள். அதுவரை யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைப் பயன்படுத்தலாம், ஆனால் மதர்போர்டு எந்த நாளிலும் நிற்கக்கூடும் என்பதால் தரவைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் புளூடூத் ஹெட்போன் தாமதமாக ஒலிக்கிறது.

பதில்: இது என் துறை அல்ல. புளூடூத் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டாஸ் விளையாட்டில் சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒரு நொடி ஒலித்துவிட்டுத் திரும்பத் திரும்ப அதையே ஒலிக்கிறது.

பதில்: இன்டரப்ட் எண் (கார்டு பிராசஸரை அழைக்கும் வழியின் எண்) பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம் அது. ஒரு துண்டு முடிந்தது என்று கார்டு சொல்வது விளையாட்டை எட்டாததால், அடுத்த துண்டு வருவதேயில்லை. பிரிண்டர் போர்ட் வழக்கமாக 7-ஐ எடுத்துக்கொள்வதால், கார்டையும் விளையாட்டின் ஒலி அமைப்பையும் முகவரி 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1 என்று ஒன்றாக வையுங்கள்.

கேள்வி: பழைய கேசட்டுகளை இந்தக் கணினியில் பதிவு செய்ய விரும்புகிறேன். மைக் ஜாக்கில் செருகினால் ஒலி பிளந்து கேட்கிறது.

பதில்: நீல ஜாக்கில் செருகுங்கள். மைக் ஜாக் மிகச் சிறிய சைகையைப் பெரிதாக்குவதற்காக அமைந்தது. டேப் ரெக்கார்டர் தருவது அதற்கு மிக அதிகம். பதிவு அமைப்பில் லைன் இன் தேர்ந்து, கேசட்டின் மிக உரத்த பகுதியை ஓட்டி, அளவுகாட்டி சிவப்பைத் தொடாதபடி ஒலியளவைக் குறைத்துக்கொண்ட பிறகு முதலிலிருந்து பதிவு செய்யுங்கள்.