முதலில் கேள்வி, அப்புறம் தலைப்பு: மேலாண்மை பிஎச்.டி. புரபோசல் பற்றி வாசகர்களுக்குப் பதில்

அட்மிஷன் அறிவிப்புகள் வரும் பருவம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புரபோசல் (பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் ஆய்வுத் திட்டம்) பற்றியவைதான். எழுதியவர்களில் பெரும்பாலோர் வடசென்னையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்ய நினைப்பவர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

புரபோசல் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? – வங்கி ஊழியர், திருவொற்றியூர்

நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் விதிமுறையில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பொதுவாக 2,000 முதல் 3,000 சொற்கள், சுமார் 10 பக்கம். அதில் முன்னுரை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்தியப் பொருளாதாரத்தில் சேவைத் துறையின் பங்கு என்று ஆரம்பித்து நாலு பக்கம் ஓட்டினால், உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று தெரிவதற்குள் படிப்பவருக்குப் பொறுமை போய்விடும்.

எம்.காம். 54 சதவீதம். எம்.பி.ஏ. துறையில் பிஎச்.டி. சேர முடியுமா? – கணக்காளர், கொருக்குப்பேட்டை

எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. அது தெரியாமல் இதற்கு முழுப் பதில் கிடையாது. பொதுப் பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. எம்.காம். படித்தவரை மேலாண்மையில் சேர்ப்பார்களா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. விதிமுறையைப் படியுங்கள்.

நான் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அவசரமாக ஒரு நல்ல டைட்டில் சொல்லுங்கள். சீக்கிரம் முடிகிற மாதிரி, டேட்டா சுலபமாகக் கிடைக்கிற மாதிரி இருந்தால் போதும். – தண்டையார்பேட்டை

இந்தக் கடிதம் வேறு வேறு பெயர்களில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்துபவரிடமிருந்து வரும்போது வருத்தம் கூடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தைத் திறந்து, மேலாண்மைத் துறையில் வாடிக்கையாளர் திருப்தி, ஊழியர் திருப்தி, 'சென்னை மாநகரைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு' என்று தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வரும். ஒன்றில் வங்கி, இன்னொன்றில் சூப்பர் மார்க்கெட், அடுத்ததில் மொபைல் நிறுவனம். வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை எல்லாவற்றிலும் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும், சேவையை மேம்படுத்த வேண்டும் என்ற பரிந்துரை இருக்கும். வருடக்கணக்கில் உழைப்பு, கட்டணம், குடும்பத்தின் பொறுமை எல்லாவற்றையும் போட்டு, தொடங்கும் முன்பே தெரிந்த முடிவுக்கு வந்து சேர்கிறார்கள். டைட்டிலில் இருந்து தொடங்குவதால்தான் இப்படி ஆகிறது.

நீங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலை ஏலம் நடக்கும்போது போய் நில்லுங்கள். ஒரே அளவு வஞ்சிரம், ஒரே நாள், ஆனால் எல்லாப் படகுக்காரருக்கும் விற்கும் சுதந்திரம் ஒன்றல்ல. டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அந்த வியாபாரி வழியாகத்தான் விற்க வேண்டியிருக்கும். வாங்காதவர் யாரிடமும் விற்கலாம். முன்பணத்துக்குத் தனியாக வட்டி கேட்கவில்லை என்றால் அந்த வட்டி எங்கே போகிறது? விலையில் குறைகிறதா, கமிஷனில் கழிகிறதா? அல்லது மீன்பாடு இல்லாத மாதத்தில் கை கொடுக்கும் ஏற்பாடு என்று படகுக்காரர் தெரிந்தேதான் ஒப்புக்கொள்கிறாரா? இதில் கடன் இருக்கிறது, விலை நிர்ணயம் இருக்கிறது, எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது. வணிக மேலாண்மையின் மையமான விஷயங்கள் இவை.

கடலுக்குப் போக விருப்பம் இல்லையென்றால் எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போங்கள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையில் ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் உரிமையாளரும் இருப்பார், ஐம்பது வண்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் டிரைவரும் இருப்பார். காத்திருக்கும் மணி நேரத்தின் செலவு இருவரில் யார் தலையில் எப்படி விழுகிறது? 'லாஜிஸ்டிக்ஸ் நிறுவனங்களில் ஊழியர் திருப்தி' என்பதைவிட இது பல மடங்கு கூர்மையான தொடக்கம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால், மொத்த வியாபாரி யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கிறார், எதை நம்பிக் கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அதிலும் ஒரு ஆய்வு இருக்கிறது.

ஒரு கேள்வி தேறுமா என்று பார்க்க நான் கேட்பது இதுதான்: பதில் 'இல்லை' என்று வர வாய்ப்பு இருக்கிறதா? அப்படி வந்தாலும் அதைத் தெரிந்துகொள்வதில் யாருக்காவது பயன் உண்டா? நல்ல சம்பளமும் மரியாதையும் கொடுத்தால் ஊழியர் மகிழ்வாரா என்ற கேள்விக்கு 'இல்லை' வரப்போவதில்லை. முன்பணம் வாங்கிய படகுக்காரருக்கு விலை குறைகிறதா என்ற கேள்விக்கு வரலாம்.

கேள்வி கிடைத்த பிறகு படியுங்கள். கடனும் விற்பனையும் பிணைந்த ஒப்பந்தங்களைப் பற்றி வளர்ச்சிப் பொருளியலில் 1970-களிலிருந்தே நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் விவசாயத்தை வைத்து. அவர்கள் சொன்னதில் எது துறைமுகத்தில் பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று காட்ட முடிந்தால் அதுதான் ஆய்வு இடைவெளி, அதாவது முந்தைய ஆய்வுகள் விட்டுவைத்த இடம். 'காசிமேட்டில் இதுவரை யாரும் செய்யவில்லை' என்பது மட்டும் இடைவெளி ஆகாது. டைட்டில் கடைசியில் தானாக வரும். 15 சொற்களுக்குள் வையுங்கள்.

சாம்பிள் 384 போதுமா? கைடு போதும் என்கிறார். – பெரம்பூர்

எதற்குப் போதுமா? உங்கள் கேள்வி என்ன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

384 என்பது 95 சதவீத நம்பக அளவு, 5 சதவீதப் பிழை என்று வைத்துக்கொண்டு ஒரு விகிதத்தைக் கணிக்கும்போது வரும் எண். கிரெஜ்சியும் மோர்கனும் 1970-இல் கொடுத்த அட்டவணையில் ஆய்வுக்குரியவர்கள் மொத்தம் 1,000 பேர் என்றால் சாம்பிள் 278, பத்தாயிரம் என்றால் 370, லட்சத்தைத் தொட்டால் 384. இந்தக் கணக்கு ரேண்டமாக, அதாவது குலுக்கல் போல எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுத்து எடுத்த சாம்பிளுக்குத்தான். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பி 384 பேர் சேர்ந்ததும் நிறுத்துபவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ரேண்டமாக எடுக்க முதலில் பட்டியல் வேண்டும். கடைகள் என்றால் தெருத் தெருவாக நடந்து கதவு எண்ணோடு பட்டியல் போடுங்கள். பிறகு ஐந்து கடைக்கு ஒன்று என்று எடுக்கலாம். பட்டியல் போட வழியே இல்லையென்றால், இல்லை என்று புரபோசலில் நேராக எழுதி, அதற்கேற்ப முடிவின் எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். அதை எழுதியதற்காக யாரும் உங்களை நிராகரிக்கப் போவதில்லை.

எஸ்.பி.எஸ்.எஸ்., ஏமோஸ், ஸ்மார்ட் பி.எல்.எஸ். – எதைக் கற்றுக்கொண்டால் நல்லது? – வியாசர்பாடி

மூன்றும் புள்ளியியல் மென்பொருள்கள். முதலில் உங்கள் ஆய்வுக் கேள்வியை எழுதிவிட்டு வாருங்கள். எது தேவை என்று அது சொல்லும். இருபது பேரை ஆழமாகப் பேட்டி எடுக்க வேண்டிய ஆய்வு என்றால் மூன்றுமே தேவைப்படாமல் போகலாம்.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் மனிதவள மேலாளராக இருக்கிறேன். என் நிறுவனத்திலேயே டேட்டா எடுக்கலாமா?

எடுக்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, எழுத்தில் அனுமதி. எந்தத் தகவல், எந்தக் காலத்துக்கு, நிறுவனத்தின் பெயர் வெளியே வருமா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். நிர்வாக இயக்குநர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னார் என்பதை நம்பி இறங்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகு புதியவர் ஒரு கோப்பைக்கூடத் தொட விடமாட்டார். பகுதிநேரம் என்பதால் வேலை செய்யும் இடத்திலிருந்து என்.ஓ.சி. எனும் ஆட்சேபணையில்லாச் சான்றும் வேண்டும். அது வேறு, இது வேறு.

இரண்டு, உங்கள் பதவி. இன்கிரிமென்ட்டும் ஷிப்ட்டும் முடிவு செய்பவர் நீட்டும் வினாப்பட்டியலில் 'மேலாண்மை மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது' என்ற வரிக்கு ஒப்பந்தத் தொழிலாளி என்ன டிக் அடிப்பார்? நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர் பெயரில்லாமல் சேகரிக்கட்டும். அல்லது மனப்பான்மையைக் கேட்காமல் வருகைப் பதிவு, வேலையை விட்டுப் போனவர் கணக்கு, விபத்துப் பதிவேடு போன்ற ஆவணங்களை வைத்துக் கேள்வியை அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம் என்பது என் கருத்து.

லிட்ரேச்சர் ரிவ்யூவை சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தது. நன்றாகத்தான் இருக்கிறது. பிளேஜியரிசம் 4 சதவீதம்தான். அப்படியே வைக்கலாமா? – ராயபுரம்

கூடாது. அதில் இருக்கும் மேற்கோள் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பாருங்கள். சில கட்டுரைகள் உலகத்திலேயே இருக்காது. இருக்கும் சிலவற்றிலும் அது சொன்ன முடிவு இருக்காது. சதவீதம் குறைவாக இருப்பது நகல் இல்லை என்று மட்டுமே காட்டும். உண்மை என்று காட்டாது. யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டினால் நேர்முகத் தேர்விலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முப்பது கட்டுரைகளை நீங்களே முழுதாகப் படியுங்கள். கட்டுரைக்கு ஐந்து வரி: என்ன கேட்டார், எங்கே, எப்படி, என்ன கிடைத்தது, எனக்கு எதில் உடன்பாடு இல்லை. மற்றவர்களின் புரபோசல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஷோத்கங்கோத்ரி இருக்கிறது. அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாக்கியத்தை எடுக்காதீர்கள்.

ஒரு புராஜெக்ட் சென்டரில் புரபோசல், கட்டுரை, தீசிஸ் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் சொல்கிறார்கள். நம்பலாமா? – கொளத்தூர்

வேண்டாம். வேறு ஒருவர் எழுதியதை உங்கள் பெயரில் கொடுப்பது மோசடி. காசு கொடுத்தால் மோசடி இல்லை என்றாகிவிடாது.

பிஎச்.டி. டீடெயில்ஸ் ப்ளீஸ்.

பெயர் இல்லை, படிப்பு இல்லை, ஊர் இல்லை, கேள்வியும் இல்லை. அவை நாலும் இருந்தால் எழுதுங்கள்.

பதினைந்து பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன தவறு? – மாதவரம்

நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா / அம்மா' என்று ஆரம்பித்து, பதினைந்து பேருக்கும் ஒரே மெயில். எல்லா முகவரியும் மேலே தெரிகிறது. யார் பதில் போடுவார்?

ஒருவர் எத்தனை பேரை வழிநடத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பேராசிரியர் என்றால் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. இடம் காலியா என்று துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பிறகு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரையில் இரண்டையாவது படித்துவிட்டு, உங்கள் கேள்வி அதோடு எங்கே தொடுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். முழுப் புரபோசலையும் முதல் மெயிலிலேயே இணைக்க வேண்டாம். மனிதவளத்தில் ஆய்வு செய்பவரிடம் நிதித் துறைக் கேள்வியோடு போனால், அவர் சேர்த்துக்கொண்டாலும் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

வேலைக்குப் போகிறேன், குழந்தைக்கு மூன்று வயது. ஆறு வருடத்தில் முடியுமா என்று பயமாக இருக்கிறது. – வண்ணாரப்பேட்டை

பயப்பட வேண்டாம் அம்மா. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி கோர்ஸ் ஒர்க் (தொடக்கப் பாட வகுப்புகள்) உட்படக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. பிரசவ விடுப்பு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று மொத்தம் 240 நாள் வரை எடுக்கவும் இடம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று அதன் விதிமுறையைப் படியுங்கள்.

புரபோசலில் கால அட்டவணை போடும்போது உங்கள் வேலையின் நாள்காட்டியோடு, தகவல் தருபவர்களின் நாள்காட்டியையும் பாருங்கள். துணிக்கடைக்காரரிடம் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் பேட்டி கேட்டால் கிடைக்காது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உட்கார்ந்து பேச அவர்களுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்; ஆனால் ஏல விலை எடுக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு மாதமும் வீண். தகவல் சேகரிக்க நீங்கள் நினைக்கும் காலத்தைப்போல ஒன்றரை மடங்கு போடுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. ஆன்லைனில் ஒரு கல்விச் செயலி வழியாக. சேரலாமா? – எண்ணூர்

கல்லூரி வேலைக்காக என்றால் சேராதீர்கள். கல்விச் செயலிகள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022-இலேயே சேர்ந்து எச்சரித்திருக்கின்றன. பணம் கட்டும் முன் யு.ஜி.சி. விதிமுறையைப் படியுங்கள்.

நெட் தேர்வில் பிஎச்.டி. அட்மிஷனுக்கு மட்டும் தகுதி பெற்றிருக்கிறேன். நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்? – புதுவண்ணாரப்பேட்டை

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். தள்ளிப் போடாமல் இந்த வருடமே விண்ணப்பியுங்கள். நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30.

கேட்பவை பெரும்பாலும் நாலுதான். உங்கள் கேள்வி என்ன, இதை யார் ஏற்கெனவே எதுவரை சொல்லியிருக்கிறார்கள், தகவல் யாரிடமிருந்து எப்படி வரும், நீங்கள் எதிர்பார்ப்பது நடக்காவிட்டால் ஆய்வு என்ன ஆகும். முதல் கேள்விக்கான பதிலைத் தாளைப் பார்க்காமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். மேலாண்மை படிக்காத ஒருவரிடம், வீட்டில் யாரிடமாவது, சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் புரபோசலின் முதல் பக்கத்தை மறுபடியும் எழுதுங்கள்.