வயதான காடையும் வாங்காத ரசீதும்

வளர்ப்புக் காடைகளைப் பற்றி ஒரு மாதத்துக்குள் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி, இந்த வாரப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். காடை என்று இங்கே குறிப்பிடுவது பண்ணைகளில் பெருக்கப்படும் ஜப்பானியக் காடையை மட்டுமே. வயலில் கண்ணி வைத்துப் பிடித்த நாட்டுக் காடையை விலைக்கு வாங்குவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், அதைப் பற்றிக் கேட்ட இருவருக்கும் இங்கே பதில் இல்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் "மூன்று மாதப் பெட்டைகள்" என்று சொல்லி ஆறு காடைகளை 720 ரூபாய்க்கு விற்றார்கள். ஆறு வாரங்களாகியும் மொத்தம் ஒன்பது முட்டைகள்தான் கிடைத்தன. ஒன்று நொண்டுகிறது, நகங்கள் வளைந்து நீண்டிருக்கின்றன. இடம் மாறியதால் அப்படி இருக்கும் என்கிறார் விற்றவர். நான் ஏமாந்துவிட்டேனா? (காட்பாடி வாசகி)

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அம்மா; இதில் உங்கள் தவறு மிகவும் சிறியது. காடை ஆறு, ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். மூன்று மாதம் என்பது அதன் நல்ல பருவம்; அந்த வயதில் ஆறு பெட்டைகள் ஆறு வாரத்தில் நூற்றைம்பது முட்டைகளுக்குக் குறையாமல் இட்டிருக்க வேண்டும். இடம் மாறிய கலக்கம் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் நீடிக்கும். உங்களிடம் வந்திருப்பவை ஏறத்தாழ ஓராண்டு முட்டையிட்டு ஓய்ந்து, பண்ணையில் கழிக்கப்பட்ட பறவைகளாகவே இருக்க வேண்டும். கறிக்கடைக்குப் போக வேண்டியவற்றைச் செல்லப் பறவை என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவது சந்தைகளில் பழகிப்போன தந்திரமாகிவிட்டது.

வளர்ந்த காடையின் வயதைத் துல்லியமாகச் சொல்லும் அடையாளம் எதுவுமில்லை. ஆயினும் காலின் செதில்கள் தடித்துச் சொரசொரப்பாக இருந்தாலோ, நகம் வளைந்திருந்தாலோ, முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தாலோ, இளம் பறவை என்ற பேச்சை நம்ப வேண்டாம். வாங்கும்போது குஞ்சு பொரித்த மாதத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ரசீது இல்லையே என்று கேட்பீர்கள். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளும் சான்றுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். 720 ரூபாய்க்காக அலைய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் அலைவேன்.

கேள்வி: காடையின் உள்ளங்காலில் கறுப்பாக ஆணி போல ஒரு புண், பாதம் வீங்கியிருக்கிறது. 2,800 ரூபாய் கொடுத்துக் கம்பித்தளம் உள்ள கூண்டு வாங்கினேன். இப்போது அதே கடைக்காரர் ரப்பர் பூசிய கம்பித்தளம் 4,500 ரூபாய்க்கு இருக்கிறது என்கிறார். வாங்கலாமா? (ஆற்காடு வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். புண்ணைக் கொடுத்த கடையிலேயே மருந்தையும் வாங்குவது போன்றது அது.

காடை தரையில் வாழும் பறவை. கம்பியின் மேல் ஆண்டுக்கணக்காக நின்றால் பாதத்தின் தோல் காய்த்து, வெடித்து, கிருமி புகுந்து இப்படித்தான் ஆகும். வயதான, எடை கூடிய பறவைக்கு இது விரைவில் வரும். கம்பியின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நெல் உமியோ மரத்தூளோ பரப்பி, ஈரம்பட்டவுடன் மாற்றுங்கள். இளஞ்சூடான உப்புநீரில் காலைப் பத்து நிமிடம் வைத்து, துடைத்து, பொவிடோன் அயோடின் தடவலாம். ஆணியை வீட்டில் கீறி எடுக்க முயல வேண்டாம். வீக்கம் சூடாக இருந்தாலோ பறவை காலை ஊன்றவே மறுத்தாலோ கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நான் இதைக் கூறுவதற்குக் காரணம், அழகுக்கு மயங்கி 3,200 ரூபாய் கொடுத்து வாங்கிய இரண்டடுக்குக் கூண்டு ஒன்று இன்றும் என் மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடப்பதுதான். அதன் உயரம் ஒன்றரை அடி. மிரண்ட காடை நேராக மேலே பாயும். அந்த ஒன்றரை அடியில் வேகமெடுத்துத் தலையை இடித்துக்கொள்ளும். கூரை ஓரடிக்குள் இருக்க வேண்டும்; இல்லையேல் ஆள் உயரத்துக்கு இருந்து, மேலே துணியோ வலையோ கட்டியிருக்க வேண்டும். என் காடைகளுள் ஒன்றின் உச்சந்தலை கிழிந்த பிறகே இது எனக்குத் தெரிந்தது.

கேள்வி: என் ஆண் காடை நொண்டியதால், மருந்துக்கடையில் கேட்டு மனிதர்களுக்கான வலி மாத்திரையில் கால் பங்கைக் கரைத்துக் கொடுத்தேன். இன்னும் கொடுக்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: கூடாது. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டைக்குளோபினாக்காக இருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த மருந்து ஏறிய மாடுகளின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்ததனால்தான், கால்நடைகளுக்கு அதைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. உங்கள் காடையின் எடை இருநூறு கிராம். கால் மாத்திரை என்பது அதற்கு எவ்வளவு என்று கடைக்காரரும் கணக்கிடவில்லை, நீங்களும் கணக்கிடவில்லை.

கேள்வி: முட்டை நின்றுபோன நான்கு காடைகள் இருக்கின்றன. தீவனக் கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் முட்டைக்கோழித் தீவனத்தையே போடுகிறேன். ஒன்று மெலிந்து, மூட்டுகள் வீங்கியிருக்கிறது. 50 கிலோ சாக்காக எடுத்தால் விலை குறையும் என்கிறார்கள். (அணைக்கட்டு வாசகர்)

பதில்: உங்கள் கேள்வி என் பழைய புண்ணைத் தொட்டுவிட்டதனால் பதில் சற்று நீளும்.

முட்டையிடும் காடைக்குத் தீவனத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு கால்சியம் வேண்டும். முட்டை நின்ற பெட்டைக்கும் ஆணுக்கும் அதில் மூன்றிலொரு பங்கே போதும். மிகுதியான கால்சியத்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. அது தளர்ந்தால் உப்புகள் மூட்டிலும் உள்ளுறுப்புகளிலும் படியும். உங்கள் காடையின் மூட்டு வீக்கம் அதுவாகவும் இருக்கலாம், வெறும் முதுமை வாதமாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். தீவனத்தை மட்டும் இன்றே மாற்றுங்கள். இன்னும் முட்டையிடும் பெட்டை கூட்டத்தில் இருந்தால், கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியது தானே கொத்திக்கொள்ளும்.

இனி என் குறைக்கு வருகிறேன். திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தரும் தீவனத்துக்குத் தயாரித்த தேதி இல்லை, சத்துப் பட்டியல் இல்லை, யார் தயாரித்தது என்பதும் இல்லை. அந்த விவரங்கள் அச்சிட்ட அட்டையைச் சாக்கைப் பிரிக்கும்போதே கிழித்து எறிந்துவிடுகிறார்கள். மக்காச்சோளத்திலும் நம் பக்கத்து மல்லாட்டைப் (நிலக்கடலைப்) பிண்ணாக்கிலும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். ஐப்பசி மழையில் தரையில் வைத்த சாக்கின் அடிப்பகுதியை முகர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டால், "கோழியா படிக்கப் போகிறது?" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சிரித்தார். நான் படிப்பேன் ஐயா, பணம் கொடுப்பவன் நான்.

சாக்காக எடுப்பதில் உள்ள கணக்கையும் பாருங்கள். வளர்ந்த காடை நாளொன்றுக்கு 25 கிராம் முதல் 30 கிராம் வரை தின்னும். நான்குக்கும் சேர்த்து மாதம் மூன்று, மூன்றரை கிலோ. 50 கிலோ தீர ஓராண்டுக்கு மேலாகும். தீவனமோ இரண்டு மாதத்திலேயே சத்து குறைந்து காறத் தொடங்கும். இந்தக் கணக்கைப் போடாமல், கிலோவுக்கு நான்கு ரூபாய் மிச்சம் என்று ஒரு சாக்கைத் தூக்கி வந்து, முப்பது கிலோவுக்கு மேல் எருக்குழியில் கொட்டியவன் நான். தைத்த பொட்டலமாக, தேதி பார்த்து, ஐந்து கிலோவுக்குள் வாங்குங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பெட்டை உடலைச் சிலிர்த்துக்கொண்டு முக்குகிறது, முட்டை வரவில்லை. கடையில் 380 ரூபாய்க்குக் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். (சத்துவாச்சாரி வாசகி)

பதில்: முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. டானிக்கை ஓரமாக வைத்துவிட்டு, பறவையை அமைதியான, கதகதப்பான பெட்டியில் வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே ஓடு உடைந்தால் பிழைப்பது கடினம்.

பிழைத்தபின் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. இரவில் கூண்டருகே விளக்கு எரிவதை நிறுத்துங்கள். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால் காடையின் உடல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். வயதான பெட்டைக்கு இருட்டுதான் ஓய்வு. நானும் அந்த டானிக்கில் இரண்டு புட்டிகள் வாங்கியிருக்கிறேன். அட்டைப்படத்தில் இருந்த கோழி மட்டும் நலமாக இருந்தது.

கேள்வி: வயதான ஐந்து காடைகளுக்கும் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி கட்டாயம் என்று ஒருவர் நூறு டோஸ் குப்பியை விற்கப் பார்க்கிறார். நம் ஊர்ப் பெயரில் உள்ள நோய் என்பதால் பயமாக இருக்கிறது. (இராணிப்பேட்டை வாசகர்)

பதில்: ராணிக்கெட் இமயமலையின் குமாவூன் பகுதியில் இருக்கும் ஊர், உங்கள் ஊருக்கு அந்தப் பழி வேண்டாம். உங்கள் ஊரில் இருப்பது அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம். 1932 முதல் இயங்குகிறது. கோழியைப் போலக் காடையை வெள்ளைக்கழிச்சல் எளிதில் வீழ்த்துவதில்லை. வீட்டுக் கூண்டில் தனித்திருக்கும் நான்கைந்து பறவைகளுக்காக, குளிர்பெட்டியில்லாமல் பையில் சுற்றும் குப்பியை வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டில் கோழி இருந்தால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டு வாழும் வெள்ளைக் காடை ஜோடி என்று படம் பார்த்து 3,000 ரூபாய் அனுப்பினேன். அந்த எண் இப்போது அணைந்திருக்கிறது. (வாணியம்பாடி வாசகர்)

பதில்: காடையின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள், ஐந்தைத் தொடுவதே அரிது. பத்து ஆண்டு என்று படித்தபோதே உங்கள் விரல் நின்றிருக்க வேண்டும். முகவரி கேட்கவில்லை, பறவையைப் பார்க்கவில்லை, முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறீர்கள். 1930 என்ற இணையவழிப் பணமோசடிப் புகார் எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் பேசியிருந்தால் பணம் மீண்டிருக்கக்கூடும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் 400 ரூபாய் வாங்கிக்கொண்ட பிறகு, பறவைகளைப் பார்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். (வேலூர் வாசகி)

பதில்: கட்டணம் வாங்கிச் சேவை செய்யாதது குறைபாடுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், மறுத்தால் 1915. அடுத்த முறை புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காடைக்கு இரு கண்களிலும் புரை. கொன்றுவிடுவதே நல்லது என்கிறார்கள். வாழுமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: வாழும். தீவனக் கிண்ணத்தையும் தண்ணீரையும் இடம் மாற்றாதீர்கள். முரட்டுத் துணை இருந்தால் பிரித்து வையுங்கள். கையை நீட்டும் முன் குரல் கொடுங்கள். என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பெட்டைக்கும் ஓராண்டாகப் பார்வை இல்லை. காலையில் கிண்ணம் உரசும் ஓசை கேட்டவுடன் வந்து நிற்கிறது.