மூன்று அதிகாரம் வேண்டாம், மூன்று வசனம் போதும்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை எங்களுக்கு. ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி ஜனவரியில் தொடங்கினேன். லேவியராகமத்தில் பின்தங்கிவிட்டேன். விட்டதைப் பிடிக்க இரவில் ஐந்தாறு அதிகாரங்களை ஓட்டுகிறேன். மூடியதும் எதுவும் மனதில் நிற்பதில்லை. என் மாமியார் வேதப்புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, முத்தமிட்டுத்தான் திறப்பார். எனக்கு அந்த அன்பே வரவில்லை. என் விசுவாசத்தில் குறையா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த அட்டவணையை மடித்து வையுங்கள். 1,189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். பலருக்கு அது உதவியிருக்கிறது. உங்களுக்கோ அது கடன் தவணையாகிவிட்டது. தவணை கட்டுகிறவருக்குப் புத்தகத்தின் மேல் எப்படிப் பிரியம் வரும்?

காபிப் பழம் பறிப்பது உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் செடியை உருவிவிடுவதில்லை. சிவந்ததைப் பறித்து, பச்சையை விட்டுவிட்டு, சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருகிறீர்கள். வசனத்திடமும் அப்படியே போங்கள்.

கர்த்தருடைய வேதத்தில் 'இரவும் பகலும் தியானமாயிருக்கிற' மனுஷனைப் பாக்கியவான் என்கிறது முதலாம் சங்கீதம். தியானம் என்றதும் கண்ணை மூடி மௌனமாக உட்காருவதை நினைத்துக்கொள்கிறோம். அங்கே உள்ள எபிரெயச் சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. 'புறாவைப்போல் புலம்பினேன்' என்று எசேக்கியா ராஜா சொல்லும் இடத்திலும் (ஏசாயா 38) இதே சொல்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மணி கோக்கும் வேலை பார்த்த என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாலையில் என்னைச் சங்கீதம் வாசிக்கச் சொல்வார். கர்த்தருடைய வார்த்தைகளைப் பற்றி 119-ஆம் சங்கீதத்தில் வரும் 'என் வாய்க்கு அவைகள் தேனிலும் மதுரமாயிருக்கும்' என்ற வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்துவார். பிறகு ஒவ்வொரு வெள்ளி மணிக்கும் அதையே முணுமுணுப்பார். 'மதுரம்' வரும்போது விரல்கள் ஒரு கணம் நின்றுவிடும். நான் அடுத்த வரிக்கு அவசரப்பட்டால், "இரு கண்ணு, இது இன்னும் தீரவில்லை" என்பார். அவர் புத்தகத்தை முத்தமிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதன்மேல் மூக்குக் கண்ணாடியைக்கூட வைக்க விடமாட்டார்.

பயபக்தி என்றால் என் நினைவுக்கு வருவது இன்னொன்றும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. அந்த உழைப்பின் தொடர்ச்சிதான் உங்கள் கையில் இருப்பது. அதை நாம் ஓட்டமாக ஓடிக் கடக்கும்போது எனக்கு மனது வலிக்கிறது.

இன்று இரவு 119-ஆம் சங்கீதத்தைத் திறவுங்கள். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். மூன்றே வசனம், வாய்விட்டு வாசியுங்கள். அதில் ஒன்றை மறுநாள் தோட்டத்துக்கு எடுத்துப்போய், கூடை நிறையும்வரை முணுமுணுத்துக்கொண்டிருங்கள். ஒன்றும் தோன்றாத நாட்களும் வரும். அன்றைக்கும் மூன்றை வாசித்துவிட்டு மூடுங்கள், அழ வேண்டாம். லேவியராகமத்தைப் பிறகு உங்கள் போதகரோடு உட்கார்ந்து வாசிக்கலாம்.

மாமியாரிடமும் ஒரு மாலை கேளுங்கள்: "அத்தை, எந்த வசனத்தை நினைத்து முத்தமிடுகிறீர்கள்?" அவர் சொல்லும் வசனத்தை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.